தையல்காரம்மா வீட்டுச் சுவர்

மார்ச் 4, செவ்வாய்

புது அணி வந்தாயிற்று. ஐந்து பேர். மூன்று பேருக்குப் பட்டாளத்தை விட்டு வெளியே வர இன்னும் இரண்டு மாதம் இருக்கிறது; வெளி வேலை பழக இப்போதே அனுப்பியிருக்கிறார்கள். இரண்டு பேர் வந்தேவிட்டார்கள். ஒன்பது மணிக்கு வரச் சொல்லியிருந்தேன். எட்டேகாலுக்கு நான் போனபோது ஐந்து பேரும் மாடிப்படியில் உயரவாரியாக நின்றிருந்தார்கள். யாரும் நிறுத்தவில்லை. கால்கள் தாமாகவே போய் அப்படி நின்றுகொள்கின்றன.

எனக்கு இது ஏழாவது அணி; முழுக்கப் பட்டாளத்து ஆட்களாக வருவது இதுதான் முதல் தடவை. முந்தைய முகங்கள் ஒன்றோடொன்று கலந்துவிட்டன. அதே பாடத்தை அதே குரலில் ஆரம்பித்தேன்: நனைந்த வீடு, எரிந்த வீடு, பூஞ்சை பிடித்த வீடு. இவற்றைச் சரிசெய்து தருவது நம் கம்பெனி. அந்த வேலையை வீட்டுக்காரர்களிடம் பேசி எடுத்து வருவது நீங்கள். பன்னிரண்டு வாரத்தில் கற்றுக்கொள்ளலாம்.

கற்றுக்கொள்ளலாம்தான். நானே கற்றுக்கொண்டேனே. பதினாலு வருஷத்துக்கு முன்னால் படைக் கிடங்கில் கம்பளி எண்ணிக்கொண்டிருந்தவள். வெளியே வந்த முதல் வாரம், காலையில் அலமாரியைத் திறந்து எந்தச் சட்டையைப் போடுவது என்று தெரியாமல் அரைமணி நேரம் நின்றேன். அதை இவர்களிடம் சொல்வதில்லை. சொன்னால் அழுதுவிடுவேனோ, இல்லை இவர்கள் அழுதுவிடுவார்களோ.

மார்ச் 5, புதன்

பயிற்சி அறையின் நடுவில் சட்டத்தோடு ஒரு கதவு நிற்கிறது. சுவர் கிடையாது, கதவு மட்டும். அதைத் தட்டிப் பழக வேண்டும். பெரிய உடம்புக்காரர் ஒருவர், பீரங்கி வண்டி ஓட்டியவர், தட்டிய தட்டில் கதவு சட்டத்தோடு சாய்ந்து என் மேஜை மேல் விழுந்தது. தேநீர் போயிற்று. "மன்னிக்கணும் மேடம்" என்று விறைப்பாக நின்றார். நர்ஸ் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். அவள் படை மருத்துவமனையில் பன்னிரண்டு வருஷம் இருந்தவள். வந்த முதல் நாளே என்னை அக்கா என்று கூப்பிட்டவள் அவள் ஒருத்திதான்.

அவருக்கு அந்த நிமிஷமே டாங்கி என்று பெயர் வைத்துவிட்டார்கள். அவரும் ஏற்றுக்கொண்டார். முப்பத்தொன்பது வயது, இரண்டு பிள்ளைகள். சொன்னதை அப்படியே நோட்டில் எழுதிக்கொள்கிறார். நான் இருமினால் அதையும் எழுதுவார் போலிருக்கிறது.

மார்ச் 13, வியாழன்

இன்று ஈரமானி பாடம். சுவரில் வைத்தால் உள்ளே எவ்வளவு ஈரம் என்று எண் காட்டும் சின்னக் கருவி. நான் வருஷக்கணக்காகச் சொல்லிவருவதையே சொன்னேன்:

"வீட்டுக்காரர் கண்ணுக்கு நேரே பிடிங்க. எண் ஏறும்போது வாயைத் திறக்காதீங்க. அவங்களே கேப்பாங்க, சுவர் தாங்குமான்னு. அப்ப ஒரு மூச்சு விட்டுட்டு மெதுவா சொல்லுங்க: இன்னொரு மழையைத் தாங்குமான்னு எனக்குத் தெரியாதுங்க."

டாங்கி எழுதிக்கொண்டார். "ஒரு மூச்சு" என்பதையும் சேர்த்து.

நர்ஸ் கேட்டாள், "அக்கா, தாங்கும்னு நமக்குத் தெரிஞ்சா?"

"தாங்கும்னு யாரால சொல்ல முடியும்? நீ சொல்றது பொய் இல்லையே."

பொய் இல்லைதான். இந்த வாக்கியத்தை வைத்துத்தான் என் மகள் படித்தாள். வீட்டுக்கு வரும்போது கால் வீங்கியிருந்தது. கணவர் வெந்நீர் வைத்துக் கொடுத்தார். "ஒவ்வொரு அணி முடியறப்பவும் நீதான் ஓய்வு பெற்றவ மாதிரி வர்ற" என்றார். இன்னும் பாதிகூட முடியவில்லை என்றேன்.

மார்ச் 21, வெள்ளி

மேலாளருக்கு நான் சொன்ன யோசனை பலித்துவிட்டது. சட்டைப்பையின் மேல் நீல நூலில் "முன்னாள் படைவீரர்" என்று தைத்த பட்டை. அதைப் பார்த்தால் கதவு திறக்கும் என்று போன அணியின் முடிவில் சொன்னேன். இன்று பெட்டி வந்தது. மற்ற நாலு பேரும் வாங்கிக்கொண்டார்கள். நர்ஸ் மட்டும் கையில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"இந்தப் பேரு நாங்க தூக்கமில்லாம சம்பாதிச்சது அக்கா. இது எதுக்கு கம்பெனிக்கு?"

"உனக்கு வேலை கிடைக்கத்தான்" என்றேன். அது சரியான பதில்தானா என்று பேருந்து நிறுத்தம்வரை யோசித்தேன். பிறகு பேருந்தில் தூங்கிவிட்டேன்.

ஏப்ரல் 2, புதன்

தெருவில் இறங்கிய இரண்டே வாரத்தில் டாங்கி எட்டு ஒப்பந்தம். எனக்கு என் முதல் வருஷத்தில்கூட அப்படி வாய்க்கவில்லை. மேலாளர் கேக் வெட்டினார். டாங்கி, தட்டைக் கையில் வைத்துக்கொண்டு எங்கே உட்காருவது என்று தெரியாமல் நின்றபடியே சாப்பிட்டார்.

சாயங்காலம் அவர் மனைவி போன் செய்தாள். முன்பின் பேசியதில்லை. "நாலு மாசமா வீட்ல பேச்சே இல்லைங்க. சாப்பாடு வெச்சா சாப்பிடுவாரு, எடுத்தா எழுந்துடுவாரு. இப்ப பிள்ளைங்க கூட வெளையாடுறாரு. உங்களுக்குத்தான் சொல்லணும்னு தோணிச்சு."

என்ன பதில் சொன்னேன் என்று நினைவில்லை.  இந்த மாதிரி ஒரு போனுக்காகத்தான் இந்த வேலையில் இன்னும் இருக்கிறேன் போல.

ஏப்ரல் 9, புதன்

மத்தியானம் மேஸ்திரி கூப்பிட்டார். கம்பெனியில் இடிப்பு, பூச்சு எல்லாம் அவர் பொறுப்பு. அதிகம் பேசாத மனிதர்.

"மேடம், ஒரு தடவ வந்து பாத்துட்டுப் போங்க."

"என்ன ஆச்சு?"

"சுவத்த உடைச்சுட்டோம். உள்ள காஞ்சு கெடக்கு."

போனேன். தனியாக இருக்கும் ஒரு தையல்காரம்மாவின் வீடு. அறுபதைத் தாண்டியிருக்கும். முன்னறையில் மூன்று தையல் இயந்திரங்கள், பின்னறையில் துணிக்கட்டுகள். பின்னறைச் சுவரில் முக்கால்வாசி தரையில் கிடந்தது. நான் செங்கல்லை எடுத்துக் கையில் தேய்த்துப் பார்த்தேன். எலும்பு மாதிரி காய்ந்திருந்தது. மூலையில் கை கழுவும் தொட்டி. அதன் கீழ்க் குழாயின் இணைப்பில் சொட்டு. அந்த ஓரத்தில் மட்டும் ஒரு முழம் அளவுக்கு ஈரம். அங்கே கருவியை வைத்தால் எண் ஏறத்தான் செய்யும். குழாய்க்கு ஒரு வாஷர் மாற்றியிருந்தால் போதும். விரல் நுனி அகலத்துக்கு ஒரு ரப்பர்.

பள்ளிச் சீருடைக்கு வெட்டி வைத்திருந்த வெள்ளைத் துணி முழுக்கச் செங்கல் தூசி. நூற்றிருபது சட்டைகள். திங்கட்கிழமை கொடுக்க வேண்டியதாம்.

அந்த அம்மா சத்தம் போடவில்லை. அதுதான் தாங்க முடியவில்லை. துணியை உதறிக்கொண்டே பேசினார்.

"வேற யாராவது வந்திருந்தா நாலு பேர்கிட்ட கேட்டிருப்பேன். சட்டையில எழுதியிருந்துச்சு. பட்டாளத்துல இருந்தவரு, பொய் சொல்ல மாட்டாருன்னு நினைச்சேன்."

"சுவர் விழுந்துடும்னு சொன்னாரா?"

"இல்லையே. தெரியாதுன்னுதான் சொன்னாரு. ஒரு மூச்சு விட்டுட்டுச் சொன்னாரு. அந்தச் சொன்ன விதம்தான் பயமா இருந்துச்சு."

ஒரு மூச்சு.

ஏப்ரல் 10, வியாழன்

காலையில் மேலாளர் அறை. அவர் கோப்பைப் பார்த்தபடியே சொன்னார்: "கையெழுத்து இருக்கு. சுவரைப் புதுசாக் கட்டிக் கொடுத்துடுவோம். அவங்களுக்கும் புதுச் சுவர் கிடைக்குது. இதுல என்ன பிரச்சினை?"

"தேவையே இல்லாத சுவர்."

"தேவையா இல்லையான்னு யார் சொல்ல முடியும்?"

என் வாக்கியத்தை என்னிடமே திருப்பிக் கொடுத்துவிட்டார். வேண்டுமென்றே செய்யவில்லை. இந்தக் கம்பெனியில் எல்லாரும் இப்படித்தான் பேசுகிறோம். கற்றுக்கொடுத்தது யார்?

பிறகு டாங்கியைப் பயிற்சி அறைக்குக் கூப்பிட்டேன். நடந்ததைச் சொன்னேன். முதலில் அவருக்குப் புரியவில்லை. குழாயைப் பார்த்தீர்களா என்று கேட்டேன்.

"குழாயைப் பாக்கணும்னு சொல்லித் தரலையே மேடம்."

நோட்டைத் திறந்து காட்டினார். மார்ச் 13, சிவப்பு மையில் அடிக்கோடு. நான் சொன்ன ஒவ்வொரு சொல்லும் அங்கே இருந்தது. குழாய் என்ற சொல் எங்கும் இல்லை.

"நீங்க சொன்னதைத்தானே மேடம் சொன்னேன்."

குரலில் கோபமே இல்லை. கோபம் இருந்திருந்தால் நானும் ஏதாவது பேசியிருப்பேன். பட்டாளத்தைப் பார்க்காத ஆள் நான் சொன்னதில் பாதியை விட்டுவிடுவான், மீதியைத் தன் இஷ்டத்துக்கு மாற்றிக்கொள்வான். அதில்தான் இத்தனை நாள் வீட்டுக்காரர்கள் தப்பித்துக்கொண்டிருந்தார்கள். இவர் ஒரு எழுத்து மாற்றவில்லை. உத்தரவு என்று எடுத்துக்கொண்டார்.

இதற்கு முன் எத்தனை சுவர்? ஆறு அணிகள். பதினாலு வருஷம். கணக்குப் பார்க்கத் தெம்பில்லை.

ஏப்ரல் 11, வெள்ளி

அறிக்கை எழுதினேன். "ஈரத்தின் காரணம் குழாய்க் கசிவு. சுவரை இடிக்கத் தேவை இருக்கவில்லை. காரணத்தைத் தேடும்படி விற்பனையாளருக்குக் கற்பிக்கப்படவில்லை. தவறு பயிற்சியுடையது. ஒப்பந்தத்தை ரத்து செய்ய வேண்டும்." கீழே என் கையெழுத்து. மேலாளர் படித்துவிட்டு, "இது உங்களுக்கு நல்லதில்லை" என்றார். தெரியும் என்றேன். "ஒப்பந்தத்தை ரத்து பண்ணணும்னு எழுத்துல குடுத்துட்டீங்க. இனி நான் மறுக்க முடியாது" என்றார். அதற்காகத்தான் எழுத்தில் கொடுத்தேன் என்று சொல்லவில்லை.

ஆனால் ரத்து என்றால் வேலை நின்றுவிடும். மேஸ்திரியின் ஆட்களைத் திருப்பி எடுத்துவிட்டார்கள். இடித்த சுவர் இடித்தபடி கிடக்கிறது. இதை நான் யோசிக்கவே இல்லை. எப்படி யோசிக்காமல் போனேன்?

டாங்கி இன்று வரவில்லை.

ஏப்ரல் 15, செவ்வாய்

அவர் மனைவி மறுபடி போன் செய்தாள். அன்றைக்குப் பேசிய குரல் இல்லை.

"காலையில நாலு மணிக்கு எழுந்து சட்டைக்கு இஸ்திரி போடுறாரு. போட்டுக்கிட்டுக் கெளம்புறாரு. சாயங்காலம் சுண்ணாம்பும் தூசியுமா வர்றாரு. வேலைக்கா போறீங்கன்னா ஆமாங்கிறாரு. ஆபீஸ்ல கேட்டா வரலைங்கிறாங்க. எங்கதாங்க போறாரு?"

எனக்குத் தெரியாது என்றேன். இந்த முறை உண்மையிலேயே தெரியாது.

பிறகுதான் உறைத்தது. சுண்ணாம்பு.

ஏப்ரல் 16, புதன்

பயிற்சி வகுப்பை நர்ஸிடம் விட்டுவிட்டுத் தையல்காரம்மா வீட்டுக்குப் போனேன். சந்து முனையிலேயே கொத்துக்கரண்டி சுவரில் உரசும் சத்தம் கேட்டது. பின்னறையில் டாங்கி முட்டிபோட்டுச் செங்கல் அடுக்கிக்கொண்டிருந்தார். இடுப்புயரம் வந்திருந்தது. வரிசை கொஞ்சம் கோணல்.

என்னைப் பார்த்து எழுந்து நிற்கப் போனார். உட்காருங்க என்றேன்.

அந்த அம்மா முன்னறையில் தைத்துக்கொண்டிருந்தார். நடந்ததை அவர்தான் சொன்னார். "வெள்ளிக்கிழமை வந்து வாசல்ல நின்னாரு. கதவைத் திறக்கலை. சனிக்கிழமையும் நின்னாரு. வெயில்ல. தண்ணிகூட கேக்கலை. ஞாயித்துக்கிழமை நானே திறந்தேன். அவருக்காக இல்லம்மா. ராத்திரி எலி வருது, துணியை வைக்க முடியலை."

"மன்னிப்பு கேட்டாரா?"

"கேட்டாரு. பேச வேணாம், கட்டுங்கன்னுட்டேன்."

மூன்று நாளில் இரண்டு தடவை கட்டி இரண்டு தடவை பிரித்திருக்கிறார். முதல் தடவை அந்த அம்மா, சுவர் நேராக நிற்கிறதா என்று நூல்குண்டு பிடித்துப் பார்த்துச் சரியில்லை என்றாராம். தைக்கிறவருக்குக் கோடு தெரியாதா. நான் மேஸ்திரிக்குப் போன் செய்தேன். கம்பெனி வேலை இல்லை, கூலி என்னிடம் வாங்கிக்கொள்ளுங்கள் என்றேன்.  "சனிக்கிழமை எனக்கு லீவு மேடம். வர்றேன்" என்று மட்டும் சொல்லி வைத்துவிட்டார்.

நான் சட்டைத் துணிகளை அலசினேன். மூன்று வாளி. தூசி போனதும் போகாததுமாக இருந்தது. அந்த அம்மா ஒவ்வொன்றாகத் தூக்கி வெளிச்சத்தில் பார்த்து, ஆகும், ஆகாது என்று பிரித்தார். நாற்பத்திரண்டு ஆகவில்லை. பள்ளிக்கூடம் மீதி வேலையை வேறு ஆளுக்குக் கொடுத்துவிட்டதாம். பதினோரு வருஷமாக அவர் தைத்துக் கொடுத்த பள்ளிக்கூடம்.

அதை நாங்கள் எதை வைத்துக் கட்டுவது?

ஏப்ரல் 19, சனி

மேஸ்திரி வந்தார். சுவர் முடிந்தது. டாங்கி கட்டிய பகுதியை அவர் பிரிக்கவில்லை. "நிக்கும்" என்றார். குழாய்க்கு வாஷர் மாற்றியது டாங்கி. மாற்றிவிட்டுக் கால்மணி நேரம் அதன் முன்னால் குந்தி உட்கார்ந்து சொட்டுகிறதா என்று பார்த்துக்கொண்டே இருந்தார்.

கிளம்பும்போது அந்த அம்மா எங்கள் யாருக்கும் நன்றி சொல்லவில்லை. சொல்லாததுதான் சரி.

ஏப்ரல் 20, ஞாயிறு

முழு நாளும் தூக்கம்.

ஏப்ரல் 22, செவ்வாய்

டாங்கி வந்தார். ராஜினாமா எழுதிக் கொண்டுவந்திருந்தார், அழகான கையெழுத்தில். வாங்கிக்கொள்ளவில்லை.

"எனக்கு இந்த வேலை ஆகாது மேடம். யோசிச்சு செய்யற வேலை இது. நான் சொன்னதைச் செஞ்சு பழகினவன்."

"யார் சொல்லி அந்த வீட்டுக்குப் போனீங்க?"

 காகிதத்தை நாலாக மடித்துப் பையில் வைத்துக்கொண்டார். நான் ஏதோ சாமர்த்தியமாகப் பேசி அவரை நிறுத்திவிட்டதாக எழுத ஆசைதான். உண்மை அதுவல்ல. வீட்டில் போய் மனைவியிடம் கேட்கிறேன் என்று போனார். நாளைக்கு வருவாரா தெரியாது.

அவர் போன பிறகு பாடப் புத்தகத்தை எடுத்தேன். அந்த வாக்கியம் இருந்த பக்கத்தைக் கிழித்தேன். அதற்குப் பதில் எழுத உட்கார்ந்தால் ஒரு வரிதான் வந்தது: முதலில் தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று தேடு. கிடைக்கும்வரை வாயைத் திறக்காதே.

ஏப்ரல் 23, புதன்

வந்தார். எட்டேகாலுக்கு.

மே 5, திங்கள்

நர்ஸ் பட்டையை பிளேடால் பிரித்தெடுத்துவிட்டாள். மற்ற நாலு பேரும் அப்படியே செய்தார்கள். சட்டைப்பைகளின் மேல் தையல் ஓட்டைகள் மட்டும். மேலாளர் என்னைத்தான் கூப்பிட்டார். நான் சொல்லிச் செய்யவில்லை என்றேன். நம்பவில்லை. நம்பாமல் போனதில் எனக்கு ஒரு சின்னச் சந்தோஷம்.

மே 23, வெள்ளி

அணி முடிந்தது. ஐவரில் நால்வர் தேறினார்கள். ஒருவர் கிடங்கு வேலைக்குப் போய்விட்டார். அவருக்கு அதுதான் நிம்மதி.

எனக்கும் ஒரு கடிதம். ஜூன் முதல் பயிற்சிப் பொறுப்பு இல்லை. தெரு விற்பனைக்குத் திரும்ப வேண்டும். ஐம்பத்தோரு வயதில் கூரை பார்க்க ஏணி ஏற வேண்டும். கணவர் படித்துவிட்டு, "விட்டுடேன்" என்றார். மகளும் போனில் அதையேதான் சொன்னாள்.

விட்டுவிட்டு? மறுபடி அலமாரி முன்னால் நிற்கவா?

ஜூன் 11, புதன்

பயிற்சி வகுப்பை நர்ஸுக்குக் கொடுத்திருக்கிறார்கள். என் பழைய மேஜை. காலையில் போன் செய்து, "அக்கா, கோச்சுக்காதீங்க" என்றாள். கோபமில்லை. பொறாமை கொஞ்சம். அவள் முதல் வாரப் பாடமே குழாய், கூரை இணைப்பு, வடிகால் என்று வைத்திருக்கிறாளாம். ஈரமானியை மூன்றாம் வாரம்தான் கையில் கொடுக்கப் போகிறாளாம்.

ஜூலை 3, வியாழன்

முழங்கால். வேறொன்றும் எழுத இல்லை.

ஆகஸ்ட் 12, செவ்வாய்

என்னை டாங்கியோடு ஜோடி போட்டிருக்கிறார்கள். மேலாளருக்கு இது தண்டனை என்று எண்ணம். டாங்கியின் ஒப்பந்தங்கள் பாதியாகக் குறைந்துவிட்டன. நாலு வீடு பார்த்தால் இரண்டில் "உங்களுக்கு எங்க வேலை தேவையில்லை" என்று சொல்லிவிட்டு வந்துவிடுகிறார். மேலாளர் திட்டுகிறார். டாங்கி விறைப்பாக நின்று கேட்டுக்கொள்கிறார். மறுநாள் அதையேதான் செய்கிறார். பதினெட்டு வருஷம் படையில் இருந்தவருக்குத் திட்டு வாங்கப் புதிதாகக் கற்றுத்தர வேண்டியதில்லை.

ஏணியில் இப்போது அவர்தான் ஏறுகிறார். நான் கீழே நின்று குறித்துக்கொள்கிறேன்.

செப்டம்பர் 17, புதன்

நாலு நாள் மழைக்குப் பிறகு இன்று வெளுத்தது. ஒரே தெருவில் பதினேழு வீடு. எல்லா வீட்டிலும் ஜமுக்காளம் வாசலில் காய்கிறது. ஒன்பதாவது வீட்டில் கைக்குழந்தையோடு ஒரு பெண். கதவைப் பாதிதான் திறந்தாள். எங்களுக்கு முன்னால் இரண்டு கம்பெனிக்காரர்கள் வந்து போயிருக்கிறார்கள் போல, முகத்திலேயே தெரிந்தது.

"நீங்களும் சுவர் விழுந்துடும்னு சொல்ல வந்தீங்களா?"

"இன்னும் பாக்கலைங்க" என்றார் டாங்கி.

"இந்த வேலைக்கு முன்னாடி என்ன செஞ்சீங்க?"

பட்டாளம் என்று சொல்வார் என்று நினைத்தேன். சொல்லியிருந்தால் கதவு திறந்திருக்கும். அது எனக்குத் தெரியும், அவருக்கும் தெரியும்.

"இதே வேலைதாங்க. ஏப்ரல்ல ஒரு அம்மா வீட்டுச் சுவரை தேவையில்லாம இடிக்க வெச்சேன். குழாய்தான் ஒழுகிச்சு, நான் பாக்கலை. அதுலேர்ந்து ரெண்டு தடவை பாக்குறேன். உங்களுக்கு வேணாம்னா போயிடறோம்."

அந்தப் பெண் அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். நான் தலையைக் குனிந்துகொண்டேன். குழந்தையை மறு தோளுக்கு மாற்றிக்கொண்டு, "செருப்பைக் கழட்டிட்டு வாங்க" என்றாள்.

ஒன்றரை மணி நேரம் பார்த்தோம். கூரையில் இரண்டு இடத்தில் தகடு விலகியிருக்கிறது. சுவர் நன்றாக இருக்கிறது. அப்படியே எழுதிக் கொடுத்தோம். கணவர் வந்ததும் கேட்டுச் சொல்வதாகச் சொல்லியிருக்கிறாள். சொல்வாளோ மாட்டாளோ.

இன்னும் எட்டு வீடு பாக்கி. நாளைக்கு.